54 வயது, கையில் மூன்று வேலை, விடியற்காலையில் இசை: முழுநேர வேலைக்குப் போவதா வேண்டாமா?

ரிங்ஃபிரேம் (கோவை)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு 54 வயது. ஒரு ஸ்பின்னிங் மில்லில் 26 வருடம் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் மில்லை மூடிக் கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டார்கள். வந்த பணம் பெண் கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் சரியாகப் போயிற்று. அதற்கப்புறம் ஒரே இடத்தில் வேலை என்று எதுவும் இல்லை. வாரத்தில் நாலு நாள் மதியத்துக்கு மேல் ஒரு வைண்டிங் கடையில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். ஒரு அப்பார்ட்மெண்டில் ஜெனரேட்டர், போர் மோட்டார், பேனல் போர்டு எல்லாம் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு தொகை தருகிறார்கள், எப்போது கூப்பிட்டாலும் போக வேண்டும். முகூர்த்த நாளில் ஆக்டிங் டிரைவர். எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் 28,000 வரும், இன்னொரு மாதம் 17,000தான் தேறும். ஆடி வந்தால் டிரைவர் வேலையே கிடையாது.

இனி இசை. நான் முறையாகப் பாட்டுக் கற்றவன் இல்லை. மில்லில் ராத்திரி ஷிஃப்டில் இருக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு மோட்டார்களைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். நாலு போல் மோட்டார் என்றால் 1500 சுற்று வர வேண்டும், ஆனால் லோடு ஏறினால் கொஞ்சம் பின்தங்கும். ஒன்று 1440இல் ஓடும், பக்கத்தில் இருப்பது லோடு குறைவாக இருந்தால் 1452இல் ஓடும். வினாடிக்கு 24 சுற்று, 24.2 சுற்று, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்கு ஐந்து வினாடிக்கு ஒரு தரம் சத்தம் பெருத்து அடங்கும், பெருத்து அடங்கும். பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர் போட்டிருந்தது. அந்தச் சொல்லைக் கொடுத்தவர் காதால் கேட்டுத்தான் கொடுத்திருப்பார் என்று எனக்குப் படும். தறி, கார்டிங் மெஷின் எல்லாம் ஓடுகிற இடத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

மில் மூடின பிறகுதான் அந்தச் சத்தம் இல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை என்று புரிந்தது. அப்போது ஆரம்பித்தேன். பீசோ வட்டு (அதிர்வைப் பிடித்து மின்சாரமாக மாற்றும் சின்னத் தகடு) வாங்கி மோட்டார் பாடியில், தண்ணீர்க் குழாயில், இரும்பு கேட்டில் ஒட்டிப் பதிவு செய்தேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது அதற்கு இரட்டிப்பாக 100 ஹெர்ட்ஸில். பாட்டுக்காரர்கள் சுருதி சொல்லும் கணக்கில் ஐந்து கட்டை என்பது 98 ஹெர்ட்ஸ், ஐந்தரைக் கட்டை கிட்டத்தட்ட 104. அதாவது ஊர் முழுக்க நிற்கிற சுருதி ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஒரு இடத்தில் இருக்கிறது. எலக்ட்ரானிக் தம்புராவில் நைசாகத் திருகித் திருகி அதை 100க்குக் கொண்டுவந்து, மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாகக் கேட்ட அன்றைக்கு அரைமணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இப்போது முடித்திருப்பது 40 நிமிடம் ஓடும் ஒரு வேலை. நான் பார்க்கிற அப்பார்ட்மெண்டில் விடிகாலை நாலரைக்கு மோட்டார் போடுவார்கள். மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி காலியாக இருக்கும்போது தண்ணீர் விழுகிற சத்தம் அடியில் இருந்து வரும், தொட்டி நிறைய நிறைய உள்ளே காற்று இருக்கும் இடம் சுருங்கிச் சுருங்கி, சத்தம் மெல்ல மேலே ஏறும். அவ்வளவு மெதுவாக ஏறுவதால் ஏறுவது தெரியாது, முடிவில் மட்டும் எங்கேயோ வந்துவிட்டோம் என்று தெரியும். அதோடு நான் தம்புராவையும் ஒரு வெண்கலத் தட்டையும் சேர்த்திருக்கிறேன். நண்பரின் குடோனில் 11 பேருக்குப் போட்டுக் காட்டினேன். இதற்கு எனக்கு நேரம் விடிகாலை நாலரை முதல் ஒன்பதரை வரை. அந்த நேரத்தைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

ஒரு காண்ட்ராக்டர் மூலம் பெரிய கட்டடம் ஒன்றில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் வேலை வருகிறது. காலை ஏழு முதல் இரவு ஏழு, வாரம் ஆறு நாள், மொத்தச் சம்பளம் 20,500, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. வீட்டில் போகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வருடத்தில் நாலு மாதம் மளிகைக் கணக்கு பாக்கி நிற்கிறது.

ஐம்பதைத் தாண்டிய பிறகு இப்படிப் பல வேலை பார்த்துக்கொண்டே, விற்காத, கச்சேரி மேடை ஏறாத இசையைச் செய்கிறவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எப்படி நேரம் பிரிக்கிறீர்கள்? நாலு வருடம் நிறுத்திவைத்துவிட்டு 58இல் திரும்ப எடுத்தால் கை, காது திரும்புமா?

அச்சுக்கோத்தவன் (சென்னை)

தம்பி, போகாதே. 63 வயதுக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அச்சகத்தில் எழுத்துக் கோப்பதில் ஆரம்பித்து, டி.டி.பி., அப்புறம் மெய்ப்புத் திருத்துவது, இப்போது ஒரு நாளைக்கு மெய்ப்பு, ஒரு நாளைக்கு கல்யாண மண்டபத்தில் கணக்கு, சனிக்கிழமை ஒரு நண்பரின் பழைய புத்தகக் கடை என்று ஓடுகிறது. நடுவில் ஆறு வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் நிரந்தர வேலையில் இருந்தேன். அந்த ஆறு வருடத்தில் என் ஆர்மோனியத்தைத் திறந்ததே இல்லை. நேரம் இல்லாமல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்தது. வீட்டுக்கு வரும்போது காதில் அலுவலகம் நிறைந்திருந்தது, அதுதான் காரணம்.

பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 41 வயது வரை குழாய் ரிப்பேர், வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குவது, டாக்சி என்று ஓட்டினார். 1976இல் அவருடைய ஓபரா, அதாவது இசை நாடகம், நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கிலேயே நடந்தது. நடந்து முடிந்ததும் கடன்தான் மிச்சம், மறுபடி டாக்சி ஓட்டப் போனார். ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் மாட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த வீட்டுக்காரரான ராபர்ட் ஹியூஸ் என்ற கலை விமர்சகர் இவரை அடையாளம் கண்டு திகைத்துப் போனார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பாரிஸில் ரவிசங்கரோடு உட்கார்ந்து ஒரு படத்துக்கு ஸ்வரம் எழுதிக் கொடுத்த காலத்தில்தான் அவருக்குத் தாளத்தைக் கூட்டிக் கூட்டிக் கட்டும் வழி கிடைத்தது, அதனால் நம் பக்கத்துக்கும் அவருக்கும் ஒட்டு உண்டு.

நம் நாட்டில் இதெல்லாம் யார் செய்தார்கள் என்று சிலர் கேட்பார்கள். 1969இலேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசர், மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கருவி, வந்துவிட்டது, டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்காரர் வந்து ஸ்டூடியோ அமைத்துக் கொடுத்தார். அங்கே வேலை செய்தவர்களில் கீதா சாராபாய் பக்கவாஜ் வாசித்தவர், 1946இல் நியூயார்க் போய் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசை சொல்லிக் கொடுத்தவர். அந்த ஸ்டூடியோ சில வருடங்களில் நின்றுபோயிற்று. நாடாக்கள் கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அங்கேயே கிடந்தன. இப்போது இசைத்தட்டாக வந்துவிட்டது, கேட்டுப் பார். உன் தொட்டிச் சத்தத்துக்குச் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மளிகை பாக்கி இருக்கும்தான். எனக்கும் இருந்தது. இந்த வயதில் காலை ஐந்து மணி நேரத்தை விற்றால் திரும்ப வாங்க முடியாது தம்பி.

மூன்றாம்தந்தி (திருச்சி)

மேலே ஐயா சொன்னதில் எனக்குச் சம்மதம் இல்லை. கிளாஸ் கதை நாற்பது வயதுக்காரர் கதை. அண்ணாவுக்கு 54. முட்டி வலிக்கும், கண்ணாடி பவர் ஏறும், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தால் நாலு மாத வருமானம் போகும். அந்த வயதில் "போகாதே" என்று சொல்வது எளிது, வீட்டில் அரிசி அளப்பவருக்கு எளிதில்லை.

என்னைப் பற்றிச் சொன்னால்தான் நான் சொல்வது புரியும். எனக்கு 51. காலையில் இட்லி மாவு அரைத்து நாற்பது வீட்டுக்குக் கொடுக்கிறேன். பகலில் பிளவுஸ் தைக்கிறேன். சாயங்காலம் ஆறு குழந்தைகளுக்கு வீணை வகுப்பு. இதில் வீணை மட்டும்தான் நான் படித்த படிப்பு, அதில்தான் வருமானம் குறைவு.

எங்கள் அம்மாவின் பழைய வீணை ஒன்று இருக்கிறது. மெழுகு இளகி மேளக்கட்டில் நாலு மெட்டு (தந்திக்கு அடியில் மெழுகில் பதித்திருக்கும் கம்பி) ஆடும், கச்சேரிக்கு ஆகாது. மெழுகு போட்டுச் சரிசெய்ய ஆள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் மூன்றாம் தந்திக்கும் நாலாம் தந்திக்கும் நடுவில் ஒரு கொண்டை ஊசியைச் செருகி மீட்டினேன். ஊசி தந்தியை உரசி, கோயில் மணி தூரத்தில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது, அதற்குள் மந்தர சுருதியும் கேட்டது. பிறகு தையல் நூலை ஈரமாக்கித் தந்தியில் கட்டி நூலை விரலால் இழுத்துப் பார்த்தேன். வில் போட்ட மாதிரி அழும். கேஜ் 1940இல் ஒரு நாட்டியத்துக்கு இசையமைக்கும்போது மேடையில் தாளக்கருவிகளுக்கு இடம் இல்லாததால் பியானோ தந்திகளுக்கு நடுவில் திருகாணி, ரப்பர் எல்லாம் வைத்தார் என்று ரொம்பப் பிற்பாடுதான் படித்தேன். இடம் இல்லாததால் வந்தது அது. என்னுடையது மெழுகுக்காரர் வராததால் வந்தது.

அண்ணா கேட்டீர்கள், நிறுத்தினால் திரும்புமா என்று. திரும்பும். எனக்கு மாமியார் படுக்கையில் இருந்த மூன்று வருடம் வீணையைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது விரல் நுனிக் காய்ப்பு போயிருந்தது, தந்தி வெட்டியது, ஒன்றரை மாதத்தில் சரியாகிவிட்டது. காது எங்கேயும் போகவில்லை. அந்த மூன்று வருடம் ஆக்ஸிஜன் மெஷின் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இன்றைக்கு நான் வாசிக்கும் வேகம் அதிலிருந்து வந்தது. எலியான் ராதிக் என்று ஒரு பிரெஞ்சு அம்மா, மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், 1970களில் ஏஆர்பி 2500 சின்தசைசர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு ஒலி நகர்வதே தெரியாமல் நகர்கிற வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார். எண்பதை நெருங்கும்போது, 2011இல், வாத்தியக்காரர்களோடு நேரில் உட்கார்ந்து செய்யும் புது வரிசை ஒன்றை ஆரம்பித்தார். உங்கள் தொட்டிச் சத்தத்தைப் படித்ததும் எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். 58 ஒன்றும் கடைசி வயது இல்லை.

நேரம் பற்றி. எனக்கு ஐந்து மணி நேரம் கிடைத்ததே இல்லை. மதியம் இரண்டேகால் முதல் மூன்று வரை, முக்கால் மணி. தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே வீணையை உறை போடாமல் வைத்திருக்கிறேன், உறை கழற்றி எடுக்கிற ஐந்து நிமிடச் சோம்பலில்தான் பல நாள் போகிறது. முடிக்கும்போது நாளைக்கு எதில் ஆரம்பிப்பது என்று ஒரு வரி பிளவுஸ் அளவு எழுதுகிற நோட்டிலேயே எழுதிவிடுவேன். "நூல், இரண்டாம் தந்தி, இன்னும் மெதுவாக" என்று அவ்வளவுதான் இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காலை ஐந்து மணி நேரத்தில் வீட்டில் அண்ணி என்ன செய்துகொண்டிருக்கிறார்?

ஆம்ப்பாண்டி (மதுரை)

அண்ணே, சம்பளமா இசையா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நீங்கள் 26 வருடம் மில்லில் இருந்திருக்கிறீர்கள், எத்தனை வருடம் காதில் எதுவும் வைக்காமல் இருந்தீர்கள்? அதை முதலில் பாருங்கள்.

நான் 30 வருடம் மைக் செட் தொழில். திருவிழாவில் பாக்ஸ் அடுக்கிய இடத்திலேயே படுத்துத் தூங்கியவன். 48 வயதில் ராத்திரி படுத்தால் இடது காதில் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம், விடியும்வரை விடாது. காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம் எடுத்தால் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்திருந்தது, அதாவது அந்த உயரத்துச் சத்தம் மட்டும் காதுக்குச் சரியாக எட்டவில்லை. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு முதலில் அடி வாங்குவது அந்த இடம்தான் என்றார். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார்.

கணக்கு இதுதான் அண்ணே. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலாளர் நல ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதி. 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு ஒரு மணி நேரம்தான். பெரிய கட்டடத்தில் சூப்பர்வைசர் என்றால் உங்கள் மேசை எங்கே இருக்கும் என்று போய்ப் பாருங்கள். ஏ.சி. பிளான்ட் ரூமிலும் ஜெனரேட்டர் ரூமிலும் 12 மணி நேரம் என்றால், 20,500 ரூபாய்க்கு நேரத்தோடு காதையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். வைண்டிங் கடை அப்படி இல்லை. காயில் கட்டும்போது வார்னிஷ் வாசனைதான் வரும், சத்தம் வராது. உங்கள் இசைக்கு நாலு வேலையில் எது நல்லது என்று கேட்டால், காதை மிச்சம் வைக்கிற வேலை என்பேன்.

பணம் பக்கம் இரண்டு விஷயம். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000, அதனால் 20,500 என்றால் உள்ளே வருவீர்கள், குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு, அதைச் சின்னதாக நினைக்காதீர்கள். அடுத்து, மில்லில் 10 வருடத்துக்கு மேல் பி.எஃப். பிடித்திருந்தால் பென்ஷன் 58இல் வரும். 50க்கு மேல் முன்கூட்டியே வாங்கலாம், ஆனால் முந்துகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறைத்துத்தான் தருவார்கள், அந்தக் குறைவு கடைசிவரை கூடவே வரும். யாராவது இப்போதே வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம் உங்கள் பீசோ. நேராக மிக்சரின் மைக் இன்புட்டில் குத்துகிறீர்கள் என்றால் நீங்கள் கேட்பது மோட்டாரின் மேல்சத்தம் மட்டும்தான். பீசோவுக்கு எதிரே ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். மைக் இன்புட்டில் ஒன்றிரண்டு கிலோ ஓம்தான் இருக்கும், அடிச்சத்தம் முழுக்க அங்கேயே செத்துவிடும். ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டு, பீசோவுக்கும் மிக்சருக்கும் நடுவில் ஒரு சின்ன பஃபர் சர்க்யூட் கட்டுங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும். உங்கள் 100 ஹெர்ட்ஸ் அப்போதுதான் முழுசாக வரும். புது மைக், புது இன்டர்ஃபேஸ் எதுவும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

ரிங்ஃபிரேம் (கோவை)

எல்லாருக்கும் நன்றிங்க. பாண்டி தம்பி, பஃபர் நேற்று ராத்திரியே கட்டிவிட்டேன். நேராகத்தான் குத்திக்கொண்டிருந்தேன், இரண்டு வருடப் பதிவும் அப்படித்தான். இன்று காலை குழாயில் ஒட்டிக் கேட்டால் அடியில் ஒரு முழு அடுக்கு இருக்கிறது, அதை நான் கையால் தொட்டு உணர்ந்திருக்கிறேனே தவிர ஹெட்போனில் கேட்டதே இல்லை.

திருச்சி அம்மணி கேட்ட கேள்விக்கு எனக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நாலரைக்கு நான் மாடிக்குப் போகும்போது அவரும் எழுந்துவிடுகிறார், கீழே தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டரைக்கு ஒரு நர்சரிப் பள்ளிக்கு ஆயா வேலைக்குக் கிளம்புகிறார். இதை எழுதும்போதுதான் வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன்.

வடமராட்சியான் (லண்டன்)

தம்பி, நான் 61. ஊரில் தபால் கந்தோரில் இருந்தேன், இங்கு வந்து பெற்றோல் நிலையம், கறிக்கடை, பள்ளிக்கூடத்தில் துப்புரவு, இப்ப கனகாலமாக மினிகேப். பின்னேரம் நாலு மணிக்கு வாகனத்தை எடுத்தால் இரவு ஒரு மணி வரை ஓட்டம்.

எனக்கு முகவீணை, சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற வாத்தியம், வாசிக்கத் தெரியும், அப்பாவிடம் பழகினது. இங்கு கோயிலில் வாசிக்க ஆட்கள் இருக்கிறார்கள், என்னைத் தேவையில்லை. வாகனத்தில் ஏறின ஒரு பயணி சொல்லித்தான் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கும் ஒரு கூடலைப் பற்றி அறிந்தேன். எடி பிரெவோ என்ற தாளக்காரர், 1965இல் ஏ.எம்.எம். என்ற குழுவைத் தொடங்கினவர்களில் ஒருவர், அவர் 1999இல் அந்தக் கூடலைத் தொடக்கி வைத்தார். ஸ்வரம் எழுதின தாள் இல்லை, தேர்வு இல்லை. இரண்டு பேர், மூன்று பேராக முறை வைத்து வாசிப்பார்கள், மற்றவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். நான் முதல் நாள் வாத்தியத்தைப் பையை விட்டு எடுக்கவேயில்லை. இரண்டாம் கிழமை எடுத்து, சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதினேன். பக்கத்தில் ஒரு பெண் செலோவின் அடிக்கட்டையை வில்லால் உரசிக்கொண்டிருந்தா, இரண்டு சத்தமும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. வெள்ளி இரவு மினிகேப்புக்கு நல்ல உழைப்பு உள்ள இரவு. அந்த உழைப்பை விட்டுவிட்டுத்தான் போனேன், மாதத்தில் நாலு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி. மனைவிக்கு அதைச் சொல்லி, கணக்குப் பார்த்து, அவ ஓம் என்ற பிறகுதான் போனேன்.

உங்கட கடிதத்தில் என் மனதில் பட்டது ஒன்றுதான். நீங்கள் எல்லாவற்றையும் தனியே செய்கிறீர்கள். ஐந்து மணித்தியாலம் தனியே இருப்பது ஒரு விதம். இரண்டு மணித்தியாலம் இன்னொரு ஆளோடு இருந்து கேட்பது இன்னொரு விதம், அதில் வேலை கெதியாக நடக்கும், ஏனென்றால் மற்ற ஆள் முன்னால் நீங்கள் சும்மா ஒயரைத் திருகிக்கொண்டிருக்க மாட்டீர்கள். கார்னேலியஸ் கார்டியூ என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் ஆக்கள் 1969இல் ஸ்கிராட்ச் ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவைத் தொடங்கினபோது சங்கீதம் படித்தவர், படிக்காதவர் எல்லோரையும் சேர்த்தார்கள். கோயம்புத்தூரில் உங்களைப் போல மோட்டார்ச் சத்தத்தில் வளர்ந்த காதுகள் எத்தனை இருக்கும்? குடோனுக்கு வந்த 11 பேரில் எத்தனை பேர் மில்லில் இருந்தவர்கள்?

ரிங்ஃபிரேம் (கோவை)

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் காது. ஆடியோகிராம் எடுத்தேன். இரண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் இருக்கிறது, இடது காதில் ஆழம். மில்லில் பஞ்சு வைத்துக்கொண்டால் கிண்டல் செய்வார்கள் என்று விட்ட வருடங்கள் அவை. கீழ்ச்சத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறது, நான் வேலை செய்வது பெரும்பாலும் கீழேதான் என்பதில் ஒரு நிம்மதி. அந்தக் கட்டடத்துக்கும் போய்ப் பார்த்தேன். பாண்டி தம்பி சொன்ன மாதிரியே, மேசை பிளான்ட் ரூமுக்கு உள்ளே, ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். எட்டு மணி நேர ஷிஃப்ட் கேட்டேன், இல்லை என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சும்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வருடக் கணக்கை நோட்டில் போட்டோம். ஆக்டிங் டிரைவர் வேலையில் வருவதில் பாதி வெளிச்சாப்பாட்டுக்கும் மறுநாள் உடம்பு வலிக்கும் போகிறது என்று எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டு வைண்டிங் கடைக்கு நாலு நாளுக்குப் பதில் ஆறு நாள் போகிறேன், மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை, முதலாளி ஒத்துக்கொண்டார். மாதம் 24,000 நிற்கும். இ.எஸ்.ஐ. கிடையாது, அந்தக் குறை அப்படியே இருக்கிறது, குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பென்ஷனை 58 வரை தொடப் போவதில்லை.

காலையில் ஏழு மணிக்கு மேல் நான் கீழே வந்துவிடுகிறேன். தண்ணீர் பிடிப்பதும் சமையலில் பாதியும் என் பொறுப்பு. ஆக மாடியில் இரண்டரை மணி நேரம். அச்சுக்கோத்த ஐயாவுக்கு வருத்தமாக இருக்கலாம். ஆனால் அம்மணி சொன்ன மாதிரி முதல்நாளே ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் படுப்பதால் நாலரைக்கு நேராக வேலையில் உட்கார்ந்துவிடுகிறேன். முன்னால் ஐந்து மணி நேரத்தில் ஒரு மணி நேரம் எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே போகும்.

லண்டன் ஐயா, நீங்கள் கேட்ட பிறகு எண்ணிப் பார்த்தேன். 11 பேரில் 6 பேர் மில்காரர்கள், ஒருவர் ரிங் டிபார்ட்மெண்டில் என்னோடு இருந்த ஃபிட்டர். அவரைப் போன ஞாயிறு மாடிக்குக் கூப்பிட்டேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டவர், இந்த மோட்டாரில் பேரிங் போகப் போகிறது என்றார். எனக்கு அதுவரை தெரியவில்லை. கழற்றிப் பார்த்தோம், போயிருந்தது. பேரிங் மாற்றுவதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை முழுசாக ஒரு தடவை பதிவு செய்துகொண்டோம், அதில் அவர் ஒரு ஸ்பேனரால் குழாயில் தட்டிக்கொண்டே வந்தார், பேரிங் உறுமுகிற இடைவெளியைப் பிடித்து. அதை இங்கே போடுவேன், இன்னும் வெட்டி முடிக்கவில்லை.

இனி மாதத்தில் முதல் ஞாயிறு இரண்டு பேரும் உட்காருவதாகப் பேசியிருக்கிறோம். கோவை, திருப்பூர் பக்கம் இருப்பவர்கள் யாராவது வர முடிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். மோட்டார் நாலரைக்குப் போடுவார்கள், நாலேகாலுக்கு மாடியில் இருந்தால் காலித் தொட்டியிலிருந்து கேட்கலாம். உட்கார ஒரு பாய் மட்டும் கொண்டுவாருங்கள், மாடியில் பனி இறங்கி ஈரமாக இருக்கும்.